அமெரிக்காவில் ஈமத்தொழில்: தச்சுப் பட்டறையிலிருந்து உரிமத் தேர்வு வரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இறந்தவரின் உடலை ஏற்றுப் பதப்படுத்தி, உறவினர் பார்வைக்கு வைத்து, அடக்கமோ எரியூட்டலோ முடியும்வரை பொறுப்பில் வைத்திருப்பது இன்று ஒரு படித்த தொழில். அதற்கெனக் கல்லூரிகள், தேர்வுகள், உரிமங்கள் உள்ளன. ஆங்கிலத்தில் இவரை ஃபியூனரல் டைரக்டர் என்கிறார்கள். இக்கட்டுரையில் ஈமப்பணியாளர் என்று குறிப்பிடுகிறேன். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு படிப்பும் இல்லை, பட்டமும் இல்லை. உடலைக் குளிப்பாட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை, பெட்டி செய்வது தச்சரின் வேலை. சிதறிக் கிடந்த இந்த வேலைகளை ஒருவரே ஏற்றுக்கொண்டு, கற்று, சான்றிதழ் பெற்று, வாழ்க்கைத் தொழிலாக ஆக்கிக்கொண்டது எப்படி என்பதே இங்கு சொல்லப்படும் வரலாறு.

தச்சர் ஏற்ற வேலை

குடியேற்றக் காலத்திலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அமெரிக்கர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இறந்தார்கள். அண்டை அயலில் அனுபவமுள்ள பெண்கள் வந்து உடலைக் கழுவி, தாடையைத் துணியால் கட்டி, கண் இமைகள் திறக்காதிருக்க நாணயம் வைத்து, வெள்ளைத் துணி உடுத்துவார்கள். பேறுகாலம் பார்ப்பவர்களில் சிலர் இதையும் செய்தார்கள். கூடத்தில் பலகை போட்டு உடலைக் கிடத்தி, இரவு முழுவதும் யாராவது காவல் இருப்பார்கள். நம் ஊர் இழவு வீட்டை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

பெட்டி வேண்டுமென்றால் தச்சரிடம் ஆள் போகும். நாற்காலி, மேசை, அலமாரி செய்கிறவரே உடலை அளந்து சவப்பெட்டியும் செய்வார். வண்டியும் குதிரையும் வாடகைக் கொட்டிலிலிருந்து வரும். குழி வெட்டுவதும் மணி அடிப்பதும் தேவாலயப் பணியாளின் பொறுப்பு. நகரங்கள் பெருகியபோது, இந்த மூன்று நான்கு இடங்களுக்கும் அலைய ஆளில்லாத குடும்பங்கள் தச்சரிடமே எல்லாவற்றையும் ஒப்படைக்கத் தொடங்கின. அப்படி ஏற்றுக்கொண்டவருக்கு அண்டர்டேக்கர் என்று பெயர். ஒரு வேலையைப் பொறுப்பேற்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். லண்டனில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்கச் சிற்றூர்களில் ஒரே குடும்பம் அறைகலன் கடையும் ஈமச்சடங்கு நிலையமும் நடத்துவதை வெகுகாலம் வரை காண முடிந்தது. அதற்குக் காரணம் இந்தத் தச்சுப் பூர்வீகம்தான்.

கோடைக்காலம் இவர்களுக்குப் பெரிய சிக்கல். பனிக்கட்டியை உடலுக்கு அடியிலும் மேலும் வைத்துச் சமாளித்தார்கள். 1848இல் ஆல்மண்ட் ஃபிஸ்க் என்பவர் காற்றுப்புகாத இரும்புச் சவப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். முகம் தெரிவதற்கு அதில் கண்ணாடிச் சாளரம் இருந்தது. விலை அதிகம் என்பதால் செல்வந்தர்கள்தான் வாங்கினார்கள். பதப்படுத்தும் முறை பற்றிய அறிவு பிரான்ஸிலிருந்து வந்தது. ழான் நிக்கோலா கனால் 1838இல் எழுதிய நூலை, ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ரிச்சர்ட் ஹார்லன் 1840இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆனால் அது மருத்துவ மாணவர்களின் உடற்கூறு மேசைக்கான அறிவாகவே இருந்தது. தச்சருக்கு அது தேவைப்படவில்லை.

போர் தந்த தேவை

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அதை மாற்றியது. அதில் இறந்தோர் 6,20,000 என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட கணக்கு. மக்கள்தொகைக் கணக்குகளை மறு ஆய்வு செய்த டேவிட் ஹேக்கர் 2011இல் அதை ஏறத்தாழ 7,50,000 என்று உயர்த்தினார். எண்ணிக்கையோடு தொலைவும் சேர்ந்துகொண்டது. வீட்டுக் கூடத்தில், உறவு சூழ, கடைசி வார்த்தை சொல்லி இறப்பதே நல்ல சாவு என்று நம்பிய ஒரு சமூகத்தின் பிள்ளைகள், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அடையாளம் தெரியாத குழிகளில் புதைக்கப்பட்டார்கள். மகனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பணம் அனுப்பிய பெற்றோரால்தான் எம்பாமிங் என்ற தொழில் பிறந்தது.

முதலில் பெயர் பெற்றவர் தாமஸ் ஹோம்ஸ். 1861 மே 24 அன்று, லிங்கனின் சட்ட அலுவலகத்தில் பணியாற்றியவரும் அவருக்கு மிக நெருக்கமானவருமான எல்மர் எல்ஸ்வொர்த் என்ற 24 வயதுத் தளபதி, அலெக்ஸாண்ட்ரியா நகரில் ஒரு விடுதியின் உச்சியில் பறந்த தெற்கத்தியர் கொடியை இறக்கிவிட்டு வரும்போது விடுதிக்காரரால் சுடப்பட்டு இறந்தார். ஹோம்ஸ் அவருடைய உடலைப் பதப்படுத்திக் கொடுத்தார். வெள்ளை மாளிகையின் கிழக்குக் கூடத்தில் அது வைக்கப்பட்டது. பார்த்தவர்கள் அவர் தூங்குவதுபோல் இருக்கிறார் என்றார்கள். ஹோம்ஸுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

முறை எளியது. ஒரு தமனியைத் திறந்து, பம்பு மூலம் மருந்து நீரை உள்ளே செலுத்துவார்கள். இரத்தக் குழாய்களின் வழியே அது உடலெங்கும் பரவித் திசுக்கள் அழுகாமல் தடுக்கும். அக்காலக் கலவைகளில் ஆர்சனிக், துத்தநாகக் குளோரைடு, பாதரச உப்பு ஆகியவை இருந்தன. எல்லாம் நஞ்சு. கையுறை இல்லாமல் கையாண்டவர்களின் உடல்நலத்தைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

போர் முழுவதிலும் 4,028 உடல்களைப் பதப்படுத்தியதாக ஹோம்ஸ் சொல்லிக்கொண்டார். ஓர் உடலுக்கு 100 டாலர் வாங்கினாராம். கணக்கு அவருடையது, சரிபார்க்க வழியில்லை. ஆனால் விலையை வேறொரு எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். போரின் தொடக்கத்தில் வடக்குப் படையின் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். வீடு திரும்பிய உடல்களில் அதிகாரிகள் ஏன் அதிகம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

படை முகாம்களை ஒட்டிக் கூடாரம் அடித்த பதப்படுத்துவோர் பெருகினார்கள். சிலர் கைதேர்ந்தவர்கள், பலர் அரைகுறைகள். அடையாளம் தெரியாத உடலைப் பதப்படுத்திக் கடை முகப்பில் விளம்பரமாக நிறுத்தியவர்களும் இருந்தார்கள். குடும்பம் கேட்காமலே வேலையை முடித்துவிட்டு, பணம் வந்தால்தான் உடலைத் தருவேன் என்று மிரட்டியதாகவும் புகார்கள் எழுந்தன. 1865 மார்ச்சில் போர்த்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பதப்படுத்துவோர் தம் திறமைக்குச் சான்று காட்டி அனுமதி பெற வேண்டும், கட்டணமும் வரையறைக்கு உட்பட்டது என்றது அந்த ஆணை. ஈமப்பணிக்குத் தகுதி வேண்டும் என்று அமெரிக்க அரசு சொன்னது அப்போதுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஜான் ரீக்கி என்பவர் கோல்ட் ஹார்பர் போர்க்களத்தில் எடுத்த ஓர் ஒளிப்படம் புகழ்பெற்றது. முந்தைய ஆண்டு இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மறுஅடக்கம் செய்யும் கறுப்பினத் தொழிலாளர்கள் அதில் இருக்கிறார்கள். ஒரு தூக்குப் படுக்கையில் மண்டையோடுகளும் ஒரு காலணியும் கிடக்கின்றன. 100 டாலர் வேலை ஒருவருக்கும் மண்வெட்டி வேலை வேறொருவருக்கும் போன கதை அந்தப் படத்தில் இருக்கிறது.

நம் பாடநூல்களில் லிங்கன் கொலையோடு பாடம் முடிந்துவிடும். ஈமத்தொழிலின் வரலாற்றிலோ அங்கிருந்துதான் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது. 1865 ஏப்ரல் 15 அன்று இறந்த லிங்கனின் உடல் பதப்படுத்தப்பட்டு, 21ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து ரயிலில் புறப்பட்டு, 1,600 மைலுக்கு மேல் பயணம் செய்து, மே 3 அன்று ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் இறந்த அவருடைய மகன் வில்லியின் பெட்டியும் அதே ரயிலில் சென்றது. நகரந்தோறும் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். உடன் சென்ற பதப்படுத்துநர் வழிநெடுக முகத்தைத் திருத்திக்கொண்டே போனார். நியூயார்க்கை அடையும்போதே முகம் கறுக்கத் தொடங்கிவிட்டது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இறந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகும் ஒருவரின் முகத்தைப் பார்க்க முடியும் என்பதை வட மாநிலங்களின் மக்கள் இலட்சக்கணக்கில் வரிசையில் நின்று தெரிந்துகொண்டார்கள்.

ஓல்காட்டும் முதல் தகனமும்

லிங்கன் கொலை விசாரணையில் பங்கேற்ற அதிகாரிகளுள் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஓல்காட் ஒருவர். சென்னைவாசிகளுக்குத் தெரிந்த பெயர். 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான அவர், மறு ஆண்டே அமெரிக்க ஈமமுறையின் வரலாற்றிலும் இடம்பிடித்தார். சபை உறுப்பினரான பரோன் டி பாம் 1876 மே மாதம் இறந்தார். தன் உடலை எரிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நாட்டில் அதற்கு ஒரு தகன மேடையும் இல்லை. பென்சில்வேனியாவின் வாஷிங்டன் என்னும் ஊரில், அடிமை ஒழிப்புப் போராளியும் மருத்துவருமான பிரான்சிஸ் லெமாய்ன் தன் சொந்த நிலத்தில் ஓர் உலையைக் கட்டிக்கொண்டிருந்தார். அது தயாராகும்வரை உடலைப் பதப்படுத்திக் காத்திருந்தார்கள். 1876 டிசம்பர் 6 அன்று தகனம் நடந்தது. நவீன உலையில் அமெரிக்காவில் நடந்த முதல் தகனம் அதுதான். எரிப்பதற்காக ஓர் உடலை ஆறு மாதத்துக்கும் மேல் அழுகாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது ஒரு வேடிக்கை. செய்தியாளர்கள் கூடியிருந்தார்கள், கேலியும் கண்டனமும் குவிந்தன. கிறித்தவத் திருச்சபைகளின் எதிர்ப்பால் தகனம் வெகுகாலம் பரவவில்லை. 1960 வாக்கில்கூட நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே தகனம் செய்யப்பட்டார்கள்.

ஓல்காட் 1882இல் சபையின் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தார். 1894இல் அங்கு தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இடுகாட்டு வேலையைப் பிறப்பின் பெயரால் சுமந்த சமூகங்களின் பிள்ளைகள் அவர்கள். அமெரிக்காவில் அதே வேலைக்கு வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1907இல் ஓல்காட் அடையாறில் இறந்தார், அங்கேயே எரியூட்டப்பட்டார்.

வகுப்பும் சான்றிதழும்

போர் முடிந்ததும் பதப்படுத்தும் தொழில் சற்று மங்கியது. அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர்கள் மருந்து நீர் விற்பனையாளர்களும் சவப்பெட்டி விற்பனையாளர்களும்தான். ஜோசப் கிளார்க் என்ற சவப்பெட்டி விற்பனையாளர் 1882இல் சின்சினாட்டியில் வகுப்புத் தொடங்கினார். பின்னாளில் அது ஈமக்கல்லூரியாக வளர்ந்தது. அன்றைய வகுப்புகள் சில நாட்களே நடந்தன. தச்சரோ வண்டிக்காரரோ வந்து, தமனியைக் கண்டுபிடிக்கவும் ஊசி செலுத்தவும் கற்று, ஒரு சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிக்கொள்வார். கூடவே ஒரு பெட்டி மருந்து நீரும் வாங்கிச் செல்வார். கற்பித்தலும் விற்பனையும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் எதற்கு முதலிடம் கிடைக்கும் என்பதை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஊகிக்க முடிகிறது. ஆயினும் எழுத்தறிவு மட்டுமே கொண்ட தொழிலாளர்களுக்கு உடற்கூறு கற்பித்த முதல் ஏற்பாடு இதுதான் என்பதையும் மறுக்க முடியாது. 1878இல் ஆகஸ்ட் ரெனோர்டு எழுதிய கையேடு இவர்களுக்குப் பாடநூலாயிற்று.

சங்கங்களும் வந்தன. 1880இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கி, 1882இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தேசிய மாநாடு கூடியது. கூடியவர்கள் முதலில் கவனித்தவற்றுள் ஒன்று பெயர். அண்டர்டேக்கர் என்பதில் குழிமண் ஒட்டியிருந்தது. ஆகவே, நிகழ்ச்சியை நடத்துபவர் என்னும் பொருளில் ஃபியூனரல் டைரக்டர் என்று தம்மை அழைத்துக்கொண்டார்கள். தோள்பட்டையில் அகன்று காலில் குறுகும் பழைய பெட்டி நாற்கோணப் பெட்டியாக மாறியது. நகைப்பெட்டியைக் குறிக்கும் காஸ்கெட் என்ற சொல் அதற்குச் சூட்டப்பட்டது. 1895இல் தொழில் இதழ் ஒன்று மார்ட்டீஷியன் என்ற சொல்லை முன்மொழிந்தது. ஃபிசிஷியன் போல ஒலிக்க வேண்டும் என்பதே நோக்கம். மருத்துவரின் மதிப்பு தமக்கும் வேண்டும் என்று விரும்பினார்கள்.

கிருமிகளால் நோய் பரவுகிறது என்ற அறிவு அப்போதுதான் ஊன்றிக்கொண்டிருந்தது. தொற்றுநோயில் இறந்தவரின் உடலை ரயிலில் ஏற்றுவதற்குச் சுகாதார வாரியங்களும் ரயில் நிறுவனங்களும் விதிகள் வகுத்தன. முறையாகப் பதப்படுத்தியதற்குச் சான்று கேட்டார்கள். சான்று தர உரிமம் பெற்றவர் வேண்டும். வர்ஜீனியா 1894இல் உரிமச் சட்டம் கொண்டுவந்தது, பிற மாநிலங்கள் தொடர்ந்தன. உயிரற்ற உடலால் ஊருக்கு வரும் ஆபத்தைத் தொழில்துறையினர் மிகைப்படுத்தினார்கள் என்று பின்னர் விமர்சகர்கள் காட்டினார்கள். எப்படியானாலும், தகுதி பெறாதவர் இதில் நுழைய முடியாது என்ற வேலி எழும்பியது. அந்த வேலிக்கு வெளியே நின்றவர்களில் முதன்மையானவர்கள், இருநூறு ஆண்டுகளாக உடல்களைக் கழுவி உடுத்திவந்த பெண்கள். தொழிலானதும் அது ஆண்களுடையதாகிவிட்டது.

1890கள் முதல் ஃபார்மால்டிஹைடு ஆர்சனிக்கின் இடத்தைப் பிடித்தது. ஆர்சனிக் கலந்த உடலில் நஞ்சூட்டிக் கொன்றதற்கான தடயம் மறைந்துபோகும் என்பதால், கொலை வழக்குகளை முன்னிட்டும் மாநிலங்கள் அதைத் தடை செய்தன. ஃபார்மால்டிஹைடும் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

நிறக்கோட்டின் மறுபக்கம்

இனஒதுக்கல் காலத்தில் வெள்ளையர் நிலையங்கள் பல கறுப்பின உடல்களை ஏற்கவில்லை, ஏற்ற சில பின்வாசல் வழியே ஏற்றன. இந்த அவமதிப்பே கறுப்பினத்தவருக்கு ஒரு தொழில்வாய்ப்பைத் திறந்தது. அடிமையாகப் பிறந்து போதகரான பிரெஸ்டன் டெய்லர் 1888இல் நாஷ்வில்லில் ஈமத்தொழிலைத் தொடங்கினார், தம் மக்களுக்கென கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தையும் நிறுவினார். கறுப்பின ஈமப்பணியாளரின் வருவாய் வெள்ளை முதலாளி எவரையும் சார்ந்ததல்ல. ஆகவே வேலை போய்விடும் என்ற அச்சமின்றிப் பேசவும், வாக்காளர் பதிவுக்கு உதவவும், போராட்டக்காரர்களுக்குப் பிணை கட்டவும் அவரால் முடிந்தது.

1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் வெள்ளையர்களால் அடித்துக் கொல்லப்பட்டான். ஆற்றிலிருந்து எடுத்த உடல், திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மூடி முத்திரையிட்ட பெட்டியில் சிகாகோவுக்கு வந்தது. ஈமப்பணியாளர் ஏ. ஏ. ரேனரிடம் அதைத் திறக்கும்படி தாய் மேமி டில் உறுதியாகச் சொன்னார். முகத்தைச் சீர்படுத்தித் தரட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். தான் கண்டதை உலகமும் காணட்டும் என்பது அவருடைய முடிவு. பல்லாயிரம் பேர் திறந்த பெட்டியைக் கடந்து சென்றார்கள். கறுப்பின இதழ்களில் வெளியான ஒளிப்படம் குடியுரிமைப் போராட்டத்தின் போக்கையே மாற்றியது. சிதைவை மறைப்பதுதான் இத்தொழிலின் பெருமை என்று கற்பிக்கப்பட்டிருந்த ஒருவர், தாய் சொன்னபடி மறைக்காமல் விட்டார். ஈமத்தொழில் வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படும் நிகழ்ச்சி இது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, ஆம்புலன்ஸ். ஊரில் ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளமுள்ள வண்டி சவ ஊர்தி மட்டுமே. ஆகையால் விபத்தில் சிக்கியவரையும் ஈமச்சடங்கு நிலையத்தார்தான் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். 1966இல் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதி இவர்கள் கையில் இருப்பதாகக் கூறியது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பயிற்சி பெற்ற அவசர மருத்துவப் பணியாளர் என்ற தனித்தொழில் உருவாயிற்று.

விலைப்பட்டியல்

1963இல் ஜெசிக்கா மிட்ஃபோர்டு எழுதிய ‘அமெரிக்க மரண முறை’ என்ற நூல் இத்தொழிலை உலுக்கியது. துக்கத்தில் இருப்பவரிடம் விலை சொல்லாமல் விலையுயர்ந்த பெட்டியை முதலில் காட்டுவது, சட்டம் கேட்காத பதப்படுத்தலைச் சட்டம் கேட்பதாகச் சொல்வது போன்ற தந்திரங்களை அவர் நகைச்சுவையோடு அம்பலப்படுத்தினார். இருபதாண்டு வாதப் பிரதிவாதங்களுக்குப் பின், கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஈமச்சடங்கு விதி 1984இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலையை எழுத்தில் தர வேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல வேண்டும். வெளியில் வாங்கிய பெட்டிக்குத் தனிக்கட்டணம் வாங்குவது 1994இல் தடை செய்யப்பட்டது. தகனம் பெருகி 2016 வாக்கில் பாதியைத் தாண்டியதும், பெட்டியும் பதப்படுத்தலும் தந்த வருவாய் சுருங்கியது.

இன்று நுழைபவர்

இப்போது இத்தொழிலுக்கு வர விரும்புபவர் பெரும்பாலான மாநிலங்களில் ஈம அறிவியலில் ஈராண்டுப் பட்டம் பெற வேண்டும். உடற்கூறு, நுண்ணுயிரியல், வேதியியல், பதப்படுத்தல் ஆகியவற்றோடு மெழுகால் முகத்தைச் சீரமைக்கும் கலையும் கணக்குப்பதிவும் சட்டமும் துக்கத்தின் உளவியலும் பாடங்கள். கலை, அறிவியல் என்று இரு பகுதிகளாகத் தேசியத் தேர்வு நடக்கும். உரிமம் பெற்றவரிடம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பயிற்சி பெற வேண்டும். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் போகத்தான் வேண்டும். மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று பெண்கள். பரம்பரை நிலையங்களின் பிள்ளைகளைவிட, வேறு குடும்பங்களிலிருந்து வருபவர்களே அதிகம் சேர்கிறார்கள்.

கொலராடோ மட்டும் வேறு வழியில் போனது. 1983இல் உரிம முறையையே நீக்கிவிட்டது. அதன்பின் அங்கு யார் வேண்டுமானாலும் ஈமப்பணியாளர் என்று பலகை மாட்டலாம் என்ற நிலை நாற்பதாண்டுகள் நீடித்தது. 2023இல் அம்மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், கெட்ட வாடை வீசுவதாக வந்த புகாரைத் தொடர்ந்து ஒரு கட்டடத்தைத் திறந்து பார்த்தார்கள். எரியூட்டிவிட்டதாகச் சொல்லிப் பணம் பெறப்பட்ட ஏறத்தாழ 190 உடல்கள் அங்கே அழுகிக் கிடந்தன. சில குடும்பங்களுக்குச் சாம்பலுக்குப் பதிலாகச் சிமெண்டுக் கலவைத் தூள் கொடுக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் உரிமத்தை மீண்டும் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. படிப்பு, தேர்வு, பயிற்சி, குற்றப்பின்னணிச் சோதனை ஆகியவை அதில் அடங்கும். 2027 முதல் அங்கு இத்தொழிலில் ஈடுபட உரிமம் வேண்டும்.